மழைக்கு ஒதுங்குகிறோம், இடிக்கு ஒதுங்குவதில்லை

கோலாலம்பூரில் மழைக்கு இருக்கும் மரியாதை இடிக்கு இல்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் கோம்பாக் பக்கம் வானம் கறுக்கும், தூரத்தில் உருட்டும். ஒருவரும் அசைய மாட்டார்கள். திடலில் பிள்ளைகள் பந்தை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்காடிக் கடைக்காரர் பெரிய குடையின் இரும்புத் தண்டில் சாய்ந்தபடி மீ கோரெங் புரட்டுவார். மோட்டார் சைக்கிள்காரர் மழைச்சட்டையை மாட்டலாமா வேண்டாமா என்று சிவப்பு விளக்கில் நின்று யோசிப்பார். முதல் பெரிய துளி விழுந்த பிறகுதான் எல்லோரும் சிதறி ஓடுவார்கள். மழை விட்டதும், உருட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அதே இடத்துக்குத் திரும்பிவிடுவார்கள்.

நான் செந்தூல், கெப்போங் வட்டாரத்தில் வீடுகளுக்கு வயரிங் வேலை செய்பவன். பெரிய இடி இறங்கிய மறுநாள் காலையில் என் கைப்பேசி ஓயாது. "தம்பி, ஆட்டோகேட் திறக்க மாட்டேங்குது." "அண்ணே, மெயின் சுவிட்சைத் தூக்கினா நிக்கவே இல்ல." "மோடம் செத்துப் போச்சுண்ணே, பிள்ளைக்கு ஆன்லைன் பாடம் இருக்கு." பொருள் கருகினால் மறுநாளே ஆளைக் கூப்பிடுகிறோம். அதே மின்னல் ஆள் மேல் இறங்கக்கூடும் என்ற விஷயத்தை மட்டும் மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். நாம் மழையை வைத்து நேரம் கணிக்கிறோம். கணிக்க வேண்டியது இடியை வைத்து. ஏன் அப்படி என்பதற்கு மேகத்துக்குள் கொஞ்சம் ஏறிப் பார்க்க வேண்டும்.

முதலில் நம் ஊரின் அமைப்பு. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே மலாக்கா நீரிணை, நடுவில் கிள்ளான் பள்ளத்தாக்கு. காலை வெயிலில் தரை சூடேறும். பகலில் கடற்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்ளே வரும். மலையில் முட்டும், மேலே ஏறும். மதியத்துக்குப் பிறகு அது இடிமேகமாகத் திரண்டு நிற்கும். பருவக்காற்று திசை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இது ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. ஆண்டுக்கு 200 நாள் போல இடி கேட்கும் ஊர் இது. இத்தனை நாள் கேட்டால் காது பழகித்தான் போகும், அதில் ஆச்சரியமில்லை.

மேற்குக் கரைக்காரர்களுக்குக் காலை இடியும் உண்டு. சுமத்ரா என்றே அதற்குப் பெயர். இரவில் நீரிணை மேல் வரிசையாகத் திரளும் மேகங்கள் விடியும் முன் சூறைக்காற்றோடு கரையேறும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இது அதிகம். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அப்படிப்பட்ட விடியலில் பால்வெட்டு கிடையாது.

நீரிணை பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு விசேஷச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். 2017ல் வெளியான ஓர் ஆய்வு, வடகிழக்கு இந்தியப் பெருங்கடலிலும் தென்சீனக் கடலிலும் கப்பல்கள் போகும் தடத்துக்கு நேர் மேலே மட்டும் மின்னல் ஏறக்குறைய இரு மடங்காக இருப்பதைக் கண்டுபிடித்தது. கப்பல் புகையில் இருக்கும் நுண்துகள்கள் மேகத்துளிகளைச் சிறிதாக்குகின்றன. சிறிய துளி மழையாகச் சீக்கிரம் விழாமல் உயரே போய் உறைகிறது. மின்னல் உண்டாவதற்கு அந்த உறைதல்தான் வேண்டும். 2020 ஜனவரியில் கப்பல் எரிபொருளில் இருக்கலாம் என்ற கந்தகத்தின் அளவை 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காட்டுக்குக் குறைத்தார்கள். அந்தத் தடத்தின் மேல் மின்னலும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. மனிதன் மின்னலையே கூட்டிக் குறைக்கிறான் என்பது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

சரி, மேகத்துக்குள் போவோம். நமக்கு மேலே 5 கிலோமீட்டர் போல உயரத்தில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும். நம் இடிமேகத்தின் உச்சியோ 15 கிலோமீட்டரையும் தாண்டும், பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கு மேல். ஆக, கீழே நாம் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது தலைக்கு மேல் நிற்கும் மேகத்தில் பெரும்பகுதி பனிதான். அதற்குள் மூன்று விதமாகத் தண்ணீர் இருக்கும். ஒன்று மிகச் சிறிய பனிப் படிகங்கள். இரண்டாவது ஜவ்வரிசி அளவில் வெள்ளையாக இருக்கும் மென்மையான பனி உருண்டைகள். மூன்றாவது, பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள். மேலே ஏறும் காற்று படிகங்களைத் தூக்கும், கனமான உருண்டைகள் கீழே சரியும், வழியில் இரண்டும் மோதிக்கொள்ளும். ஒவ்வொரு மோதலிலும் துளி மின்னூட்டம் கைமாறும். பெரும்பாலும் படிகம் நேர் மின்னூட்டத்தோடு மேலே போகும், உருண்டை எதிர் மின்னூட்டத்தோடு கீழே தங்கும். கோடிக்கணக்கான மோதல்களுக்குப் பிறகு மேகத்தின் உச்சி நேர், நடுவயிறு எதிர் என்று பிரிந்து நிற்கும். அந்த எதிர் மின்னூட்டத்துக்கு எதிரொலியாகக் கீழே தரையில் நேர் மின்னூட்டம் திரளும். தரை என்றால் மரம், விளக்குக் கம்பம், கூரை, கோல்கம்பம், அதன் பக்கத்தில் நிற்கும் பையன் எல்லாம் சேர்த்துத்தான்.

இவ்வளவு தெரிந்தும் முதல் பொறி எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வி இன்னும் முழுசாகத் தீரவில்லை. கடல் மட்டத்தில் காற்றைக் கிழிக்க மீட்டருக்கு ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் வேண்டும். மேகத்துக்குள் பலூன் அனுப்பி அளந்தவர்களுக்குக் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு போலத்தான். மேலே காற்று மெலிந்திருப்பதைக் கணக்கில் சேர்த்தாலும் ஒத்துவரவில்லை. பனித்துகளின் கூர்முனைகள் உதவுகின்றனவா, விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் தூண்டுகின்றனவா என்று விவாதம் நடக்கிறது.

பிறந்த பிறகு நடப்பது நன்றாகத் தெரியும். மேகத்திலிருந்து ஒரு மெல்லிய மின்பாதை கீழே கிளம்பும். ஒரே ஓட்டமாக வராது. 50 மீட்டர் போலத் தாவும், நொடியின் லட்சத்தில் சில பங்கு நேரம் நிற்கும், மறுபடி தாவும், கிளை பிரியும். நாம் படத்தில் பார்க்கும் கோணல்மாணல் அந்தத் தாவல்களின் தடம். மொத்தப் பயணமும் நொடியின் ஐம்பதில் ஒரு பங்கில் முடிந்துவிடும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், மேலே கிளம்பும்போது அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பது ஒரு பொருட்டே அல்ல. தரைக்குச் சில பத்து மீட்டர், அதிகம் போனால் நூறு மீட்டர் சொச்சம் உயரத்துக்கு வந்த பிறகுதான் கீழே உள்ள பொருள்கள் ஆட்டத்தில் சேரும். மரக்கிளை, கம்பம், சில சமயம் மனிதத் தலை, இவற்றிலிருந்து சிறு மின்கீற்றுகள் மேல்நோக்கி எழும். எது முதலில் போய்ச் சேர்கிறதோ அதன் வழியாகப் பாதை மூடிக்கொள்ளும். பெரும் மின்னோட்டம் அப்போதுதான் பாயும். சராசரியாக 30,000 ஆம்பியர். உங்கள் வீட்டில் ஒரு பிளக் சாக்கெட்டின் அளவு 13 ஆம்பியர். அந்தப் பாதையின் வெப்பம் 30,000 டிகிரிக்கு எகிறும், சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. ஒரே மின்னலில் மூன்று நான்கு முறை இப்படிப் பாய்வது சகஜம். மின்னல் துடிப்பது போலக் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான்.

இதைப் பிடித்து மின்சாரமாக்கினால் என்ன என்று மாமாக் கடையில் என்னிடம் கேட்காதவர் இல்லை. ஒரு மின்னலின் மொத்த ஆற்றல் 100 கோடி ஜூல் போல. கேட்கப் பெரிதாக இருக்கும், யூனிட்டில் மாற்றினால் ஏறக்குறைய 280, ஒரு சின்னக் குடும்பத்தின் ஒரு மாத மின்சாரம். அதிலும் பாதிக்கு மேல் வெளிச்சமாகவும் சத்தமாகவும் சூடாகவும் வழியிலேயே தீர்ந்துவிடும். எந்த இடத்தில் எப்போது இறங்கும் என்று தெரியாமல் அதைப் பிடிக்கக் காத்திருப்பது வியாபாரம் ஆகாது.

இப்போது இடிக்கு வருகிறேன். திடீரென்று 30,000 டிகிரிக்குச் சூடான காற்று வெடித்து விரியும் அதிர்ச்சிதான் இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி ஆகும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுத்தால் தூரம் கிடைக்கும். பள்ளியில் படித்திருப்போம். அப்புறம் நாம் செய்வதுதான் கோளாறு. "ஒன்பது நொடி ஆச்சு, மூணு கிலோமீட்டர் தள்ளி, பரவாயில்ல" என்று விளையாட்டைத் தொடர்கிறோம். மூன்று கிலோமீட்டர் என்பது மின்னலுக்கு ஒன்றுமே இல்லை. அடுத்தது உங்கள் திடலிலேயே இறங்கலாம். மேகத்திலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓடி, மழையே இல்லாத இடத்தில், தலைக்கு மேல் நீலவானம் தெரியும் இடத்தில்கூட இறங்கும் மின்னல் உண்டு. 

இடிச்சத்தம் அமைதியான இடத்தில் 15 கிலோமீட்டர் போலக் கேட்கும். நம் ஊர்ச் சாலை இரைச்சலில் அவ்வளவுகூடக் கேட்காது. இந்த இரண்டு தூரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடி காதுக்கு எட்டுகிறது என்றால் மின்னலும் உங்களை எட்டும். எண்ணி வகுக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் உருட்டல் கேட்டதும் உள்ளே போக வேண்டும். கடைசி உருட்டல் கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வரலாம். உலகெங்கும் விளையாட்டு அமைப்புகள் கடைப்பிடிக்கும் கணக்கு அது. இடையில் இன்னொரு இடி கேட்டால் அந்த 30 நிமிடம் மறுபடி தொடங்கும்.

இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் தாமான் (குடியிருப்பு) திடலில் மாலையில் காற்பந்துப் பயிற்சி கொடுக்கும் அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, நீ சொல்ற மாதிரி பார்த்தா நாங்க மாசத்துல பாதி நாள் பந்தே உதைக்க முடியாது. மழையே வரலையே!" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அக்டோபரில் இந்த விதியைக் கடைப்பிடித்தால் மாலைப் பயிற்சி பல நாள் போகத்தான் செய்யும். காலைக்கு மாற்றலாம், சமூக மண்டபத்துக்குள் நடத்தலாம், கைப்பேசியில் மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியைப் போட்டு இடிமழை எச்சரிக்கையைப் பார்த்துக்கொள்ளலாம். எதுவும் முழுத் தீர்வு இல்லை. ஆனால் 'மழையே வரலையே' என்பது பதிலாகாது. மேகம் நெருங்கி வரும்போதும் விலகிப் போகும்போதும் வெட்டவெளியில் ஆள் இருக்கிறார்கள். கொட்டும்போது எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள். ஆபத்து யாருக்கு என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்து அவர் சொன்னதுதான் கோலாலம்பூருக்கே உரிய நம்பிக்கை. "சுத்தி இவ்ளோ உயரமான கட்டடம் இருக்கே, அது வாங்கிக்காதா?" மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். புக்கிட் நானாஸ் மேல் நிற்கும் கேஎல் டவர் 421 மீட்டர். இவை நிறைய மின்னலை வாங்குவது உண்மை. இவ்வளவு உயரமானவற்றில் மின்னல் கீழிருந்தே மேலே கிளம்புவதும் உண்டு. புகைப்படத்தில் கிளைகள் வானத்தை நோக்கி விரிந்திருந்தால் அது அந்த வகை. ஆனால் அவை பக்கத்துத் தாமானைக் காக்குமா? மின்னல்காப்பு வேலையில் ஒரு கணக்கு உண்டு. 45 மீட்டர் ஆரமுள்ள ஒரு கற்பனை உருண்டையை நிலத்தின் மேலும் கட்டடங்களின் மேலும் உருட்ட வேண்டும். உருண்டை தொடும் இடமெல்லாம் மின்னல் இறங்கக்கூடிய இடம். இந்தக் கணக்கில் 421 மீட்டர் கோபுரமும் தன் காலடியில் 45 மீட்டருக்கு உள்ளேதான் நிழல் தரும். வலுவான மின்னலுக்கு அந்தத் தூரம் கூடும், பலவீனமானதற்குக் குறையும். எப்படிப் பார்த்தாலும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் உங்கள் திடலுக்கு அது பாதுகாப்பு அல்ல.

அந்த உருண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பழைய அடுக்குமாடிகளை அண்ணாந்து பாருங்கள். மொட்டைமாடியின் மூலைகளில், கைப்பிடிச் சுவரின் விளிம்புகளில் சிமெண்ட் பெயர்ந்து கிடக்கும். உருண்டை தொடும் இடம் அதுதான். 1990களில் ஹார்த்தோனோ, ரோபியா என்ற இரண்டு மலேசிய ஆய்வாளர்கள் கிள்ளான் பள்ளத்தாக்குக் கட்டடங்களை இடிக்கு முன்னும் பின்னும் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். கூரை நடுவில் ஒற்றைக் கம்பம் நட்டு, இது மின்னலை முன்கூட்டியே இழுத்து வாங்கிக்கொள்ளும் என்று விற்கப்பட்ட நவீன இடிதாங்கிகள் நிற்கும் கட்டடங்களிலும் மூலைகள் உடைந்திருந்தன. என்னிடமும் அதுபோன்ற கம்பத்தை விற்க ஒரு விற்பனையாளர் வந்தார், பளபளப்பான கையேடு வேறு. ஒற்றைக் கம்பம் நூறு மீட்டரைக் காக்கும் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். விளிம்பு முழுக்கக் கம்பி ஓட வேண்டும், பல இடங்களில் கீழே இறங்க வேண்டும், மண்ணில் நன்றாகப் புதைய வேண்டும். பழைய முறை, அழகில்லாத முறை, வேலை செய்யும் முறை.

மண்ணைப் பற்றிப் பேசாமல் மின்னலைப் பேச முடியாது. மின்னல் அடிக்கிறது என்றால் உச்சந்தலையில் இறங்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மின்னல் காயங்களை ஆராய்ந்த மருத்துவர்களின் கணிப்பில் அப்படி நேராகத் தாக்கப்படுபவர்கள் நூற்றில் மூன்று முதல் ஐந்து பேர்தான். ஏறக்குறைய பாதிப் பேரைத் தாக்குவது தரை வழியாக வரும் மின்னோட்டம். பக்கத்தில் எங்கேயோ இறங்கிய மின்னல் மண்ணில் பரவி, ஒரு கால் வழியாக ஏறி மறு கால் வழியாக இறங்குகிறது.

ஓர் எளிய கணக்கு. 30,000 ஆம்பியர் மின்னல் ஒரு மரத்தில் இறங்குகிறது, கீழே ஈரக் களிமண், அதன் மின்தடைத்திறன் 100 ஓம் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மரத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, கால்களை 75 சென்டிமீட்டர் அகட்டி நிற்பவரின் இரண்டு பாதங்களுக்கு இடையே 3,300 வோல்ட் போல வித்தியாசம் இருக்கும். அதே இடத்தில் கால்களைச் சேர்த்து நின்றால் சில நூறு வோல்ட். 20 மீட்டர் தள்ளிப் போனால் அகட்டி நின்றாலும் 900க்குக் கீழே. மாட்டுக்கு முன்னங்கால், பின்னங்கால் இடைவெளி அதிகம், நடுவில் இதயம் வேறு. மழைக்கு மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாகச் செத்துக் கிடப்பதன் காரணம் இதுதான். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர் பீடபூமியில் 323 கலைமான்கள் ஒரே இடியில் இறந்தன. நெருக்கியடித்து நின்றிருந்தன, தரை அத்தனையையும் கொண்டுபோய்விட்டது.

மரத்தடி இன்னொரு வகையிலும் மோசம். மின்னல் மரத்தில் இறங்கி வரும்போது, மரத்தைவிட உங்கள் உடல் நல்ல கடத்தியாகப் பட்டால் பாதி வழியில் உங்கள் பக்கம் தாவிவிடும். திடலோரத்து அங்சானா மரத்தின் கீழே பைகளை வைத்துவிட்டுப் பெற்றோர் கூட்டமாக நிற்கும் காட்சியைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிசையும். உட்கார்ந்து குனிந்து கொண்டால் தப்பிக்கலாம் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. குந்தி உட்காரும் நேரத்தில் ஓடிப் போய் ஒரு கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ நுழைவது மேல்.

நுழையத் தகுந்த இடம் எது? சுவரும் கூரையும் வயரிங்கும் குழாயும் உள்ள முழுக் கட்டடம். கடை, பள்ளி, எல்ஆர்டி ரயில் நிலையத்தின் உட்பகுதி, பெட்ரோல் நிலையத்தின் கடைப்பகுதி. பேருந்து நிறுத்தம், பூங்காவில் இருக்கும் நாலுகால் கொட்டகை, கூடாரம், அங்காடிக் குடை எல்லாம் மழைக்கு மட்டும்தான். தகரக் கூரையுள்ள கார் நல்லது. ரப்பர் டயர் தடுக்கிறது என்பது தவறு. பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு டயர் என்ன பெரிய தடை? காரின் உலோக உடம்பு மின்னோட்டத்தை வெளிப்புறமாகவே சுற்றிக் கொண்டுபோய்த் தரையில் விடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவின் உலோகப் பகுதியைத் தொடாமல் இருந்தால் போதும். மோட்டார் சைக்கிளுக்கும் டயர் உண்டு, உடம்பைச் சுற்றி உலோகம் இல்லை. நம் நெடுஞ்சாலைகளில் மோட்டார்காரர்கள் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குகிறார்கள். இடியைப் பொறுத்தவரை வெட்டவெளிச் சாலையைவிட அது மேல்தான். ஆனால் சாலையோரத்தில் நிற்பவரைப் பின்னால் வரும் வாகனம் இடித்துவிடும் அபாயம் அங்கே மின்னலைவிடப் பெரிது. முடிந்தால் அடுத்த பெட்ரோல் நிலையம்வரை போய்விடுங்கள்.

வீட்டுக்கு வருவோம், என் பேட்டை. தரைவீடுகளில் எல்லோரும் செய்வது, போர்ச்சில் வந்து நின்று கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு மழையை வேடிக்கை பார்ப்பது. போர்ச்சின் கூரைக்கு இரும்புத் தூண், கிரில்லோ வாசல் முழுக்க இரும்பு, காலடியில் ஈரத் தரை. இதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. உள்ளே போய்ச் சன்னல் வழியாகப் பார்க்கலாம், மழை அதேதான். குளியல், பாத்திரம் கழுவுதல் இரண்டையும் இடி ஓயும்வரை தள்ளிப் போடுங்கள். புது வீடுகளில் குழாய் பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை. கூரைக்குள் தண்ணீர்த் தொட்டி, குளியலறையில் வாட்டர் ஹீட்டர், அதற்கு ஒரு வயர் என்று வழி இருக்கவே இருக்கிறது. கைப்பேசி மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டியபடி காதில் வைத்துப் பேசுவதுதான் வம்பு.

பிளக்கைப் பிடுங்குவது நல்ல பழக்கம், நேரம்தான் முக்கியம். வானம் கறுக்கும்போதே பிடுங்க வேண்டும். தலைக்கு மேல் வெடிக்கும்போது ஓடிப்போய்ப் பிளக்கைத் தொட்டால் தொலைக்காட்சி பிழைக்கும், உங்களைப் பற்றி உறுதி சொல்ல முடியாது.

ஆட்டோகேட் மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்று ஓர் அம்மா என்னிடம் கோபமாகவே கேட்டார். "ஏன் தம்பி, இடி என் கேட்டை மட்டும் தேடி வருதா?" தேடி வரவில்லை. கேட்டின் போர்டுக்கு வீட்டிலிருந்து நீளமான வயர் மண்ணுக்கடியில் ஓடுகிறது. தெருமுனையில் இறங்கும் மின்னலே அந்த வயரில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஒரு நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு ஏற்றிவிடும். வீட்டுப் பக்கத் தரைக்கும் கேட் பக்கத் தரைக்கும் அந்தக் கணத்தில் வேறு வேறு மின்னழுத்தம். நடுவில் மாட்டிக்கொள்வது அந்தச் சின்ன போர்டு. வெளிச்சுவரில் மாட்டிய கேமராவுக்கும் இதே கதி. இணையம் செம்புக் கம்பியில் வந்த காலத்தில் மோடமும் இதே பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் இப்போது அந்த வழி அடைபட்டுவிட்டது, இனி வருவது பவர் அடாப்டர் வழியாக மட்டும்.

நம் ஊரில் எல்லோரும் இஎல்சிபி என்றே சொல்லும் சுவிட்ச் இடியில் விழுவதைப் பார்த்து, அதுதான் வீட்டைக் காத்தது என்று நம்புகிறார்கள். அதன் வேலை வேறு. மின்கசிவில் ஆள் சாகாமல் காப்பது. மின்னல் எழுச்சி, அதாவது வயரில் திடீரென்று ஏறும் மின்னழுத்தம், அந்தச் சுவிட்ச் அசைவதற்கு முன்பே கடந்து போய்விடும். எழுச்சிக்கு என்று தனியாக சர்ஜ் அரெஸ்டர் இருக்கிறது, மெயின் சுவிட்ச் இருக்கும் டிபி பெட்டிக்குள் மாட்டுவது. அதன் வயரை எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக இழுக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் தேயும். சிறு சன்னலில் பச்சை போய்ச் சிவப்பு வந்தால் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக எர்த் ராட், அதாவது மின்னோட்டத்தைத் தரைக்குள் விட மண்ணில் அடித்த உலோகக் கம்பி, நன்றாக இருக்க வேண்டும். பழைய தரைவீடுகளில் வாசலைச் சிமெண்ட் போட்டு மூடும்போது எர்த் வயரை வெட்டிப் புதைத்திருப்பார்கள். அப்புறம் எவ்வளவு விலையில் அரெஸ்டர் மாட்டினாலும் மின்னோட்டம் போக இடமில்லை.

எர்த் இல்லாத கம்பி என்ன செய்யும் என்பதற்கு 1753லேயே ஒருவர் உயிரைக் கொடுத்திருக்கிறார். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் விஞ்ஞானி ரிஹ்மான், கூரையிலிருந்து இறக்கிய கம்பியைத் தரையோடு இணைக்காமல் ஓர் அளவுமானியில் முடித்திருந்தார். இடிமழையில் அதை அளக்கப் போனபோது கம்பியிலிருந்து பொறி பாய்ந்து இறந்தார். கோபுரக் கலசமே இடிதாங்கி, அதற்குள் இருக்கும் வரகுதான் ரகசியம் என்று வாட்ஸாப்பில் வரும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் ரிஹ்மான்தான் நினைவுக்கு வருகிறார். கலசம் உயரத்தில் இருப்பதால் மின்னலை வாங்கும், சரி. வாங்கிய பிறகு அது எங்கே போகும்? கீழே இறங்கிப் போகக் கம்பி இல்லையென்றால் சுதையையும் சிற்பத்தையும் உடைத்துக்கொண்டுதான் போகும். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் குடமுழுக்குக்குச் சாரம் கட்டும்போதே கீழ்க்கம்பியும் எர்த்தும் போட்டுவிடுங்கள், செலவு பெரிதல்ல. "அர்ஜுனா அர்ஜுனா" என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பாட்டி சொல்வார், நானும் சொல்வேன், வீட்டுக்குள் நின்று. கண்ணாடியைத் துணியால் மூடுவதும் யாருக்கும் கெடுதல் இல்லை.

கடைசியாக, யாராவது அடிபட்டுவிட்டால். மின்னல் பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது, உடனே தொடலாம். தொடாமல் நின்று வீணாக்கும் நேரம்தான் ஆளைக் கொல்கிறது. மின்னல் பட்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். இறப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அந்த இடத்திலேயே இதயம் நின்று போனவர்கள். பல நேரம் இதயம் தானாக மறுபடி துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சை நடத்தும் மூளைப் பகுதி அவ்வளவு சீக்கிரம் விழிக்காது. மூச்சில்லாததால் இதயம் இரண்டாவது முறை நிற்கும். அந்த இடைவெளியில் யாராவது கைகொடுத்தால் ஆள் பிழைக்கலாம். ஆகவே பலர் விழுந்து கிடந்தால் வழக்கத்துக்கு மாறாக, முனகுபவரை விட்டுவிட்டு அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். இன்னும் இடி கேட்டால், முடிந்தால் பக்கத்தில் உள்ள கட்டடத்துக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். 999ஐ அழைக்க ஒருவரை விடுங்கள். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். பயிற்சி உள்ளவர் 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயில் காற்றும் ஊதலாம். பக்கத்தில் பேரங்காடி இருந்தால் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கிறதா என்று இன்னொருவரை ஓடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்ல" என்று சொல்பவரையும் மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும். காதுச் சவ்வு கிழிந்திருக்கலாம், இதயத் துடிப்பு தடுமாறிக்கொண்டிருக்கலாம். தோளிலும் முதுகிலும் பெரணி இலை வரைந்தது போலச் சிவப்புக் கோடுகள் தெரியலாம், அது தீப்புண் அல்ல, ஓரிரு நாளில் மறையும். மறதி, தூக்கமின்மை, கவனம் சிதறுவது எல்லாம் பின்னால் தலைகாட்டலாம். கண்ணில் புரை சில மாதம் கழித்தும் வரும். அப்போது பார்க்கும் கண் மருத்துவரிடம், இன்ன மாதம் இடி பட்டது என்பதை மறக்காமல் சொல்லுங்கள், கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை.